‘திரில்லர்’ பெரிசா, ‘பர்ப்பிள் ரெயின்’ பெரிசா? சுங்கை சிப்புட்காரர்கள் உள்ளே வரவும்

#1 ஊதாமழை

போன சனிக்கிழமை ஒரு கல்யாண விருந்து. சுங்கை சிப்புட் (மலேசியா) ரப்பர் தோட்டத்துப் பழைய கூட்டாளிகள் எட்டுப் பேரும் ஒரே மேசையில் மாட்டிக்கொண்டோம். சர்க்கரை, பிரஷர், பிள்ளைகள் படிப்பு என்று ஒரு சுற்று முடிந்ததும் பேச்சு கேசட் காலத்துக்குப் போய்விட்டது. ஏழு பேர் மைக்கல் ஜாக்சன் கட்சி, அவருடைய ‘திரில்லர்’ ஆல்பம்தான் பெரிது என்பவர்கள். நான் ஒருத்தன் மட்டும் அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் கட்சி, எனக்கு அவருடைய ‘பர்ப்பிள் ரெயின்’. 1984இல் தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்துத் திண்ணையில் இதே சண்டை நடந்தபோதும் கணக்கு இதேதான். நாற்பது வருடத்தில் ஒரு ஓட்டுகூட என் பக்கம் விழவில்லை.

விருந்தில் தீர்ப்பு வராததால் வழக்கை இங்கே கொண்டுவருகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பாட்டுக்குப் பாட்டு நிறுத்தால் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’ பக்கத்தில் எதையும் வைக்க முடியாது. ஆனால் நான் பேசுவது ஆல்பத்தைப் பற்றி. இரண்டு பேரும் 1958இல் பிறந்தவர்கள், பிரின்ஸ் ஜூன், ஜாக்சன் ஆகஸ்ட். இரண்டு ஆல்பத்திலும் ஒன்பது ஒன்பது பாட்டு. இதைவிடச் சரிசமமான போட்டி கிடைக்காது. ‘திரில்லர்’ என்பது நாலு கடையில் நல்ல பலகாரமாகப் பார்த்து வாங்கி அடுக்கிய தட்டு. பால் மெக்கார்ட்னியோடு ஒரு பாட்டு, எடி வான் ஹேலன் கித்தாருக்கு ஒரு பாட்டு, பேய்க்கதை சொல்ல வின்சென்ட் பிரைஸ். ‘பர்ப்பிள் ரெயின்’ ஒரே அடுப்பில், ஒரே கையால் சமைத்த சாப்பாடு. போட்டவுடன் முதல் பாட்டே ‘வென் டவ்ஸ் க்ரை’. கனத்த அடிச்சத்தம் தருகிற பேஸ் கித்தாரே இல்லாத பாட்டு! அதை முதலில் வைக்க எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்?

வாங்க, பேசலாம்.

#2 நிலாநடை

அந்த ஏழு பேரில் நானும் ஒருவன். ஆட்டிறைச்சிப் பிரட்டல் ஆறிப்போனதற்கு இவன்தான் காரணம், எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள்.

டேய், பலகாரத் தட்டு என்றால் கேவலமா? தீபாவளிக்கு வீடு வீடாகப் போய் நீ வேறு என்னத்தைத் தின்றாய்?

கணக்கைப் பார். 1982 நவம்பர் கடைசியில் ‘திரில்லர்’ வெளிவந்தது. அமெரிக்கப் பட்டியலில் மொத்தம் 37 வாரம் முதலிடம். ஒன்பது பாட்டில் ஏழு பாட்டு தனித்தனியாக முதல் பத்துக்குள் வந்தது. ஒரு பாட்டு ஓடினால் போதும், மீதி எட்டை ஒப்பேற்றிவிடலாம் என்று மற்றவர்கள் ஆல்பம் போட்ட காலம் அது. 1984 பிப்ரவரியில் ஒரே ராத்திரியில் எட்டு கிராமி விருதை அள்ளிக்கொண்டு போனான் மனுஷன். உன் ஆள் 24 வாரம் முதலிடத்தில் இருந்தான், ஒத்துக்கொள்கிறேன். 24 பெரிதா, 37 பெரிதா? நாம் ஒரே தமிழ்ப்பள்ளியில் ஒரே வாத்தியாரிடம் கணக்குப் படித்தவர்கள்.

கணக்கை விடு. நீ பிரின்ஸ் மாதிரி ஆடினாயா? தோட்டத்தில் எவனாவது ஆடினானா? நாங்கள் ஆடினோம். 1983இல் மோட்டவுன் இசை நிறுவனத்தின் நிகழ்ச்சியில் அவன் நிலாநடை (மூன்வாக்) போட்டதை யாரோ வீடியோ டேப்பில் கொண்டுவந்தார்கள். கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். மறுநாள் சாயங்காலம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக்கொட்டகைச் சிமெண்டுத் தரையில் குட்டிக்குரா பவுடரைக் கொட்டி, பள்ளிக்கூட வெள்ளைக் காலுறையோடு பின்னாலே வழுக்கிப் பழகினோம். சிலிப்பர் போட்டால் வராது, வெறுங்காலிலும் வராது. காலுறை வேண்டும், அதுவும் குதிகாலில் ஓட்டை இல்லாத காலுறை. என்னிடம் இருந்ததே ஒரு ஜோடி. அம்மா பவுடர் டப்பாவைத் தேடி என் காலுறையைக் கண்டுபிடித்தார். அப்புறம் நடந்ததை இங்கே எழுத முடியாது.

#3 லயத்துக்கிளி

தம்பிகளா, உங்கள் சண்டை எனக்குப் புதிதில்லை. உங்களுக்குப் பக்கத்து லயத்தில்தான் (தொழிலாளர் வரிசைவீடு) இருந்தோம் என்று நினைக்கிறேன். பெயர் கேட்காதீர்கள்.

நாங்கள் பெண் பிள்ளைகள். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்கு அம்மாவோடுதான் போக முடியும். அம்மா கேசட் கடைப் பக்கம் நிற்கமாட்டார். ஆகவே எனக்கு எல்லா ஆல்பமும் பலகைச் சுவர் வழியாக வந்ததுதான். அண்ணன் அந்தப் பக்கம் போடுவார், நான் இந்தப் பக்கம் சட்டி கழுவுவேன். சுவர் வழியாகக் கேட்டால் என்ன ஆகும் தெரியுமா? சலங்கை மாதிரி மெல்லிசாக இருப்பதெல்லாம் சுவரிலேயே நின்றுவிடும். தடதட என்று வருவது மட்டும் உங்களிடம் வரும். அதனால் பிரின்ஸின் அந்தப் பேஸ் இல்லாத பாட்டு எனக்கு வரவே இல்லை! கொட்டுச் சத்தமும் யாரோ அழுகிற மாதிரி ஒரு குரலும்தான். ஜாக்சன் பாட்டுக்குச் சுவரே ஆடும்.

நான் ஜாக்சன் கட்சி என்று உடனே எழுதிக்கொள்ளாதீர்கள். எனக்குப் பிடித்தது ‘திரில்லர்’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, ‘தி லேடி இன் மை லைஃப்’. தனியாக வெளியிடாத இரண்டு பாட்டில் ஒன்று. பையன்கள் யாரும் அதுவரைக்கும் ஓடவிடமாட்டார்கள். அதற்கு முந்தைய ‘பி.ஒய்.டி.’ முடிந்ததும் திருப்பிப் போட்டுவிடுவார்கள். என்றைக்காவது அண்ணன் தூங்கிப்போனால் அந்தப் பாட்டு எனக்குக் கிடைக்கும்.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை அம்மா விளக்கேற்றிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டில் பிரின்ஸின் ‘டார்லிங் நிக்கி’ ஓடும். அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியாது, எனக்கும் அப்போது புரியாது. அந்தப் பாட்டின் பச்சையான வரிகளைத் தன் மகள் கேட்டதைப் பார்த்துப் பதறித்தான் அமெரிக்காவில் டிப்பர் கோர் என்ற அம்மா 1985இல் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு போராடினார், ஆல்பங்களின் மேல் எச்சரிக்கை ஒட்டுகிற வழக்கம் அதிலிருந்து வந்தது என்று ரொம்பப் பின்னால் படித்தேன். அங்கே செனட் சபை வரைக்கும் போன பாட்டு, இங்கே சாம்பிராணிப் புகையோடு போய்க்கொண்டிருந்தது.

#4 ஈப்போ பஸ்

சண்டைக்கு நடுவே ஒரு விளம்பரம். ‘ஆஃப் தி வால்’ அட்டையில் ஜாக்சனின் சுருட்டை முடியைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்தபோது எங்கள் அப்பா சொன்னார்: “இது என்ன முடி? நம்ம டேவிட் ஆறுமுகத்தைப் பார்.” பினாங்குத் தமிழ்ப் பையன்கள், அண்ணன் தம்பி, ஆலிகேட்ஸ் என்று குழு வைத்து மலாய்க்காரர்களை மலாய்ப் பாட்டாலேயே அழவைத்தவர்கள். தம்பி லோகநாதன் 2007இல் காலமாகிவிட்டார். என் ஓட்டு அவர்களுக்கு. செல்லாத ஓட்டு என்று தெரியும்.

#5 பழைய கித்தார்

கல்யாண பேண்டில் இருபது வருடம் கித்தார் வாசித்தவன். இரண்டு கட்சிக்கும் சேர்த்துக் கொஞ்சம் குட்டு வைக்கிறேன்.

நிலாநடை அண்ணே, விற்பனையை வைத்து அடிக்காதீர்கள். அமெரிக்காவில் ‘திரில்லர்’ 34 மில்லியன் சான்றிதழ் வாங்கியிருக்கிறது, ‘பர்ப்பிள் ரெயின்’ 13 மில்லியன். ஆனால் அதே அமெரிக்கக் கணக்கில் ஈகிள்ஸ் குழுவின் பழைய பாட்டுத் தொகுப்பு ஒன்று ‘திரில்லர்’ தலைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. விற்பனைதான் அளவுகோல் என்றால் இரண்டு பேரும் மூட்டையைக் கட்டவேண்டியதுதான்.

ஊதாமழை அண்ணே, நீங்கள் சொன்ன ‘ஒரே கை’ முழுதாகச் சரியில்லை. ‘வென் டவ்ஸ் க்ரை’ பாட்டில் எல்லா வாத்தியமும் பிரின்ஸ்தான், சரி. பிரின்ஸ் நடித்த ‘பர்ப்பிள் ரெயின்’ படத்துக்கு ஒரு பாட்டு குறைகிறது என்று 1984 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸில் உட்கார்ந்து செய்தது. பேஸ் வாசித்துப் பதிவும் பண்ணிவிட்டு, அப்புறம் அதைத் தூக்கிவிட்டார். ஆனால் ஆல்பத்தில் மூன்று பாட்டு மேடையில் குழுவோடு வாசித்ததை அடிப்படையாக வைத்துச் செய்தவை: ‘ஐ உட் டை ஃபார் யூ’, ‘பேபி ஐம் எ ஸ்டார்’, ‘பர்ப்பிள் ரெயின்’. 1983 ஆகஸ்ட் 3, மினியாபோலிஸில் ஃபர்ஸ்ட் அவென்யூ என்ற கிளப். அங்கே கித்தார் வாசித்த வெண்டி மெல்வாயினுக்கு வயது 19. அந்தக் குழுவோடு அவருக்கு அதுதான் முதல் மேடை. ‘பர்ப்பிள் ரெயின்’ தொடக்கத்தில் கித்தாரைச் சும்மா வருடிக்கொண்டே இருப்பது அந்தப் பெண்தான். கைத்தட்டிய கூட்டம் அந்தப் பாட்டை அதற்கு முன் கேட்டதே இல்லை. நான் முதல் மேடையில் என்ன வாசித்தேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு விஷயம். முதல் பாட்டு ‘வென் டவ்ஸ் க்ரை’ என்கிறீர்கள். இல்லை அண்ணே. முதல் பாட்டு ‘லெட்ஸ் கோ க்ரேஸி’. மாதாகோவில் ஆர்கன் சத்தத்தோடு பாதிரியார் பிரசங்கம் மாதிரி பேசிக்கொண்டே வருவாரே, அதுதான். ‘டவ்ஸ்’ இரண்டாம் பக்கத்தில்தான் தொடங்கும்.

#6 ஊதாமழை

தம்பி, கல்யாண பேண்டுக்கு மரியாதை உண்டு. ஆனால் நாற்பது வருடம் கேட்ட கேசட்டில் முதல் பாட்டு எதுவென்று எனக்குத் தெரியாதா? முதலில் ஒரு கித்தார் கிறீச்சிடும், அப்புறம் அந்தக் கொட்டு. ‘டவ்ஸ்’தான்.

#7 வல்லவன்06

வணக்கம் அண்ணன்களே, அக்கா. எனக்கு ஆல்பம் என்றால் 2006இல் வந்த ‘வல்லவன்’, யோகி பி & நட்சத்திரா. இளையராஜாவின் 1980 ‘மடை திறந்து’ பாட்டை எடுத்து நம் ஊர்ப் பேச்சில் திருப்பி அடித்தார்களே, அதைக் கேட்டு வளர்ந்தவன். பள்ளிக்கூட பஸ்ஸில் முழு ஆல்பத்தையும் மனப்பாடமாக ஒப்பிப்போம்.

இந்த இழையைப் படித்துவிட்டு நேற்று இரண்டு ஆல்பத்தையும் கேட்டேன். இரண்டையும் வரிசையில்லாமல் கலந்து ஓடவிட்டேன். உண்மையைச் சொன்னால், எது எந்த ஆல்பம் என்று சில இடங்களில் குழம்பிவிட்டது. ‘பீட் இட்’ பாட்டில் வருகிற கித்தாரைப் பிரின்ஸ் என்று நினைத்துவிட்டேன்.

#8 நிலாநடை

கலந்து ஓடவிட்டாயா!

#9 ஊதாமழை

தம்பி, இதை எங்களிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

#10 பழைய கித்தார்

பையனைத் திட்டாதீர்கள். நாம் மட்டும் ஒழுங்கா? யோசித்துப் பாருங்கள். தமிழ்க் கேசட்டில் ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம். ஒரு பக்கம் ரஜினி, திருப்பினால் கமல். இசையமைப்பாளர் வேறு, பாட்டு வேறு, நமக்கு அது ஒரே பொருள். இத்தனாவது பாட்டுக்கு அப்புறம் இது என்று ஒருத்தர் மெனக்கெட்டு வரிசைப்படுத்தியிருப்பார் என்ற நினைப்பே நம் காதுக்குப் பழக்கமில்லை. படமே இல்லாமல் இளையராஜா 1986இல் ‘ஹவ் டு நேம் இட்’ கொண்டுவந்தபோது எங்கள் மாமா கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு “எந்தப் படம்?” என்று கேட்டார். படம் இல்லை என்றதும் காசை வீணாக்கிவிட்டோமோ என்று முகம் வாடிப்போனது. அப்புறம் அவர்தான் அதிகம் கேட்டார், அது வேறு கதை.

வரிசைக்கு ஒரு உதாரணம் தருகிறேன். ‘ஐ உட் டை ஃபார் யூ’ முடிகிற இடமும் ‘பேபி ஐம் எ ஸ்டார்’ தொடங்குகிற இடமும் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருக்கும். கலந்து ஓடவிட்டால் அந்த இடத்தில் கத்தி வைத்த மாதிரி அறுந்துபோகும். ‘திரில்லர்’ ஆல்பத்தில் அப்படி ஒட்டிய இடம் கிடையாது. பையன் அங்கே தப்பித்தான்.

#11 நிலாநடை

ஒட்டவைத்தால்தான் ஆல்பமா? ‘பில்லி ஜீன்’ தொடக்கத்தைப் பார். பாடத் தொடங்குவதற்கு முன்னால் அரை நிமிடம் வெறும் தாளமும் பேஸும். ரொம்ப நீளம், வெட்டு என்று ஆல்பத் தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ் சொன்னார். அந்த இடம்தான் எனக்கு ஆட வருகிற இடம் என்று ஜாக்சன் பிடிவாதம் பிடித்தான். அந்தப் பாட்டை மட்டும் ஒலிப்பதிவுப் பொறியாளர் புரூஸ் ஸ்வீடியன் 91 தடவை ஒலி கலந்தாராம். கடைசியில் எதை எடுத்தார்கள்? இரண்டாவதை! உன் ஆள் ஒரு மூச்சில் செய்து முடிக்கிறவன். என் ஆள் 91 தடவை செய்து, இரண்டாவதே நல்லது என்று தெரிந்துகொள்கிறவன். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவனுக்குத் தெரியும் இந்த வித்தியாசம். பட்டையில் கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் காயம், மேலாகப் போனால் பால் வராது.

1996 அக்டோபர் 27. மெர்டேக்கா ஸ்டேடியத்தில் ஜாக்சன் கச்சேரி. ஈப்போ வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து கோலாலம்பூருக்கு இன்னொன்று. நான் நின்ற இடத்திலிருந்து ஜாக்சன் தீக்குச்சி உயரம். அந்தத் தீக்குச்சி கையைத் தூக்கியபோது எனக்கு முப்பதை நெருங்குகிற வயது, மகள் பிறந்து மூன்று மாதம், வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்திருந்தேன். ‘பில்லி ஜீன்’ அந்த அரை நிமிடம் தொடங்கியதும் என் கால் தானாகப் பின்னால் போய்ப் பின்வரிசைக்காரர் காலை மிதித்துவிட்டது. அவர் திட்டவில்லை. அவரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

#12 லயத்துக்கிளி

உங்கள் மனைவி இந்த இழையைப் படிக்கிறார்களா தம்பி?

#13 நிலாநடை

அக்கா, 28 வருடம் மூடி வைத்திருந்தேன். வாய் தவறிவிட்டது.

#14 வல்லவன்06

ஒரு சின்னக் கேள்வி. கேசட்டில் ஒரு பக்கம் எவ்வளவு நேரம் ஓடும்? ஆல்பம் முடிந்தபிறகும் மிச்சம் இருந்தால் சும்மா ஓடுமா?

#15 பழைய கித்தார்

தம்பி, நீ கேட்ட கேள்வியில் முடிச்சு அவிழ்கிறது என்று நினைக்கிறேன்.

பாசார் மாலாமில் இரண்டு மூன்று வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்ற நகல் கேசட் பெரும்பாலும் அறுபது நிமிட நாடா. பக்கத்துக்கு முப்பது. இந்த இரண்டு ஆல்பமும் நாற்பத்து இரண்டு, நாற்பத்து நான்கு நிமிடம்தான். மிச்சம் பதினாறு, பதினெட்டு நிமிடம். காசு கொடுத்தவன் வெறும் நாடாவை ஒத்துக்கொள்வானா? ஆகவே நகல் எடுக்கிறவர் அந்த மாதம் ஓடுகிற வேறு நாலு பாட்டை நிரப்பிவிடுவார். வரிசையையும் மாற்றுவார். கடையில் போட்டுக் காட்டும்போது ரேடியோவில் கேட்ட பாட்டு முதலில் வந்தால்தான் கை பாக்கெட்டுக்குப் போகும். ‘டவ்ஸ்’ 1984இல் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. அதை முதலில் வைத்திருப்பார்.

எங்கள் வீட்டு ‘திரில்லர்’ கேசட்டில் ‘பில்லி ஜீன்’ இரண்டு தடவை இருந்தது, ஏ பக்கம் தொடக்கத்திலும் பி பக்கம் தொடக்கத்திலும். எந்தப் பக்கம் போட்டாலும் வரட்டும் என்று. அதைவிட வாடிக்கையாளர் சேவை நான் பார்த்ததில்லை. 1987 டிசம்பரில் மலேசியாவின் புதிய பதிப்புரிமைச் சட்டம் நடப்புக்கு வந்ததும் கெடுபிடி கூடியது. அசல் கேசட் விலையைப் பார்த்து நாங்கள் ரேடியோவுக்கு முன்னால் பதிவுப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு உட்காரத் தொடங்கினோம்.

ஊதாமழை அண்ணே, அந்தக் கேசட் இன்னும் இருக்கிறதா?

#16 ஈப்போ பஸ்

அதாவது, நாற்பது வருடமாக இவர் வாதாடுகிற ஆல்பத்தைப் பிரின்ஸ் போடவே இல்லை!

#17 ஊதாமழை

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். தேடிப் பார்க்கிறேன்.

#18 நிலாநடை

அவன் தேடுவதற்குள் 1987ஐயும் பேசிவிடலாம். ‘பேட்’ ஆல்பத்தில் ஐந்து பாட்டு முதலிடம். ‘பேட்’ பாட்டிலேயே சேர்ந்து பாட வா என்று ஜாக்சன் பக்கம் பிரின்ஸைக் கூப்பிட்டார்கள். ‘உன் பின்புறம் எனக்குச் சொந்தம்’ என்கிற முதல் வரியை யார் யாரைப் பார்த்துப் பாடுவது, அது ஒத்துவராது என்று பிரின்ஸ் மறுத்துவிட்டார். பின்னால் பேட்டியில் அவரே சிரித்துக்கொண்டு சொன்னது. ஒன்றாகச் சேர்ந்திருந்தால் பெரட்டுக்களத்தில் எங்களுக்குச் சண்டை போட விஷயமே இருந்திருக்காது.

#19 பழைய கித்தார்

அதே 1987இல் பிரின்ஸ் ‘சைன் ஓ’ தி டைம்ஸ்’ போட்டார், இரட்டை ஆல்பம். எனக்கு அதுதான் இரண்டு பேரின் மொத்த ஆல்பங்களிலும் மேல். ஆனால் அது வேறு இழை. இங்கே தொடங்கினால் விடிந்துவிடும்.

#20 ஊதாமழை

கிடைத்துவிட்டது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதி) மாறி வந்தபோது கட்டிய பெட்டியில், பிஸ்கட் டின்னுக்குள், அப்பாவின் வெட்டுக்கத்தி உறையோடு கிடந்தது. அட்டையில் தட்டெழுத்தில் ஆங்கிலத்தில் அடித்திருக்கிறார்கள், ஊதா என்ற சொல்லில் ஓர் எழுத்து இடம் மாறிப்போய். கேட்க மெஷின் இல்லை. அட்டையில் உள்ளபடி எழுதுகிறேன்.

ஏ பக்கம்: டவ்ஸ் க்ரை, லெட்ஸ் கோ க்ரேஸி, ஐ உட் டை, பேபி ஐம் எ ஸ்டார், பியூட்டிஃபுல் ஒன்ஸ், பர்ப்பிள் ரெயின்.

பி பக்கம்: டேக் மி, கம்ப்யூட்டர் ப்ளூ, நிக்கி. அதற்குக் கீழே ‘மற்றும் வெற்றிப் பாடல்கள்’ என்று ஐந்து பாட்டு, எதுவும் பிரின்ஸ் இல்லை.

கித்தார் தம்பி சொன்னது சரிதான். நான் தோற்றேன் என்று அர்த்தமில்லை.

#21 பழைய கித்தார்

அண்ணே, கொஞ்சம் பொறுங்கள். ஏ பக்கத்தைக் கூட்டிப் பார்த்தேன். 5:54, 4:39, 2:49, 4:24, 5:13. ஐந்து பாட்டுக்கே ஏறக்குறைய 23 நிமிடம் ஆகிவிட்டது. ‘பர்ப்பிள் ரெயின்’ 8:41. மொத்தம் 31:40. முப்பது நிமிட நாடாவில் இது எப்படி அடங்கியது?

#22 ஊதாமழை

அடங்கவில்லை. பாட்டு முடிவதற்குள் ‘டக்’ என்று நின்றுவிடும்.

வரியெல்லாம் பாடி முடித்து, வார்த்தை இல்லாமல் கித்தாரும் குரலும் மட்டும் மேலே மேலே போய்க்கொண்டிருக்கும். அப்போது பொத்தான் எகிறும். லயத்தில் ராத்திரி நேரம் அந்தச் சத்தம் துப்பாக்கி மாதிரி கேட்கும். எனக்கு அதுதான் பாட்டின் முடிவு. அப்படித்தான் முடித்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். ரேடியோவில் போடுவது நாலு நிமிடக் குட்டிப் பதிப்பு, அதில் இதற்கெல்லாம் இடமே இல்லை. 2016 ஏப்ரலில் அவர் இறந்த அன்றுகூட அதைத்தான் கேட்டேன். பிற்பாடு அக்கா மகன் எனக்குச் சீடியில் போட்டுக் கொடுத்ததும் இந்தக் கேசட்டிலிருந்து எடுத்ததுதான், ‘டக்’ சத்தத்தோடு.

#23 லயத்துக்கிளி

ஐயோ, அந்த ‘டக்’! அது எங்கள் வீட்டுக்கும் கேட்கும். அதைக் கேட்டால் மணி ஒன்பதரை, ஜெனரேட்டர் நிற்க அரை மணி நேரம் இருக்கிறது என்று அம்மா சோற்றுப் பானையைக் கழுவப் போடுவார்.

நீங்கள் யார் என்று இப்போது தெரிந்துவிட்டது தம்பி.

#24 பழைய கித்தார்

ஜாக்சன் கட்சிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ‘திரில்லர்’ முதலில் கலந்து முடித்தபோது இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு நேரம் அதிகமாகிவிட்டது. நேரம் கூடினால் தட்டில் கோடுகளை நெருக்கி வெட்ட வேண்டும், சத்தம் சுருங்கிவிடும். போட்டுக் கேட்டார்கள், சோப்ளாங்கியாக இருந்தது. ஜாக்சன் அழுதுவிட்டாராம். திரும்பவும் ஒவ்வொரு பாட்டாகக் கலந்தார்கள், நீளத்தையும் குறைத்தார்கள். எதில் வெட்டினார்கள் தெரியுமா? அக்காவுக்குப் பிடித்த ‘லேடி இன் மை லைஃப்’. ஒரு சரணமே போய்விட்டது.

#25 லயத்துக்கிளி

எனக்கென்று இருந்ததே ஒரு பாட்டு. அதிலும் கை வைத்துவிட்டார்களா?

#26 வல்லவன்06

ஊதாமழை அண்ணே, அசல் வரிசையில் ‘பர்ப்பிள் ரெயின்’ முழுசா இப்போதாவது கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள். கலக்காமல்தான்.

#27 ஊதாமழை

நேற்று ராத்திரி கேட்டேன். மகன் போனில் போட்டுக் கொடுத்தான். பிரசங்கத்தில் தொடங்கியது, நன்றாகத்தான் இருந்தது. ஒன்பதாவது பாட்டு வந்தது. கித்தார், குரல், எனக்கு ‘டக்’ வருகிற இடம். கை என்னையறியாமல் திருப்பிப் போடப் போனது. நிற்கவில்லை. அதற்கப்புறமும் இரண்டு நிமிடம். வயலின்கள் மெல்ல மெல்ல இறங்கி, பியானோ, அப்புறம் கூட்டத்தின் கைத்தட்டல். நன்றாக இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு அது வேறு யார் வீட்டுப் பாட்டோ மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் இழுவை. அந்த உச்சத்தில் நிறுத்தியவனுக்கு இசை தெரியும்.

#28 நிலாநடை

அப்படியென்றால் நீ நாற்பது வருடமாக வாதாடியது பிரின்ஸுக்காக இல்லை. கேசட் கடைக்காரருக்காக!

#29 ஊதாமழை

அவருக்கும் ஒரு கிராமி கொடுத்திருக்கலாம்.

#30 லயத்துக்கிளி

தம்பி, எங்கள் வீட்டில் அண்ணனின் பழைய ரேடியோ கேசட் இன்னும் இருக்கிறது. பெல்ட் தளர்ந்துவிட்டது. பி பக்கம் போட்டால் நாடாவைச் சாப்பிட்டுவிடும், ஏ பக்கம் மட்டும் ஓடும். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பசியாற வாருங்கள், தோசை சுடுகிறேன். ஜாக்சன் கட்சிக்காரரும் வரலாம், மனைவியோடு.

#31 ஊதாமழை

ஏ பக்கம் போதும்க்கா. எட்டு மணிக்கு வந்துவிடுகிறேன்.

#32 நிலாநடை

நான் தனியாகவே வருகிறேன்.